பறங்கி வாள், தஞ்சாவூர்ப் பிடி!

தஞ்சாவூர்ப் பக்கம் பொங்கலன்று இலையில் பறங்கிக்காய் இல்லாவிட்டால் பாட்டிமார்களுக்கு மனசு ஆறாது. ஆனால், அது அமெரிக்கக் கண்டத்துக் காய்! கடல் தாண்டி வந்த ஐரோப்பியரைப் பறங்கியர் என்றோம். அவர்களோடு வந்த காயும் பறங்கி ஆயிற்று. அதே கடல்வழியில் இன்னொரு சரக்கும் வந்தது, தெரியுமா? வாள்!

அதன் பெயர் ‘ஃபிரங்கி’. பறங்கி என்ற அதே சொல்தான்! ஜெர்மனியின் சோலிங்கன், இத்தாலியின் ஜெனோவா போன்ற ஊர்களில் அடித்த நீளமான, நேரான அலகுகள். இவற்றில் பல, ஒரு பக்கம் மட்டுமே கூரானவை. மறுபக்கம்? நம்ம ஊர் அரிவாள் மாதிரி தடித்த முதுகு. அதனால் அலகு மெலிதாக இருந்தாலும் வலு குறையாது.

உலகமே தேடி வந்த எஃகு தென்னிந்தியாவில் இருந்தபோது, வெளியூர் அலகு எதற்கு? நியாயமான கேள்விதான். ஐரோப்பிய அலகு நீளம், இலேசு, வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். நம் ஆட்கள் அலகை மட்டும் எடுத்துக்கொண்டு, பிடியைத் தங்கள் கைக்கேற்பப் போட்டுக்கொண்டார்கள்!

தஞ்சைக்குக் கடல் பக்கம்தானே? நாகப்பட்டினத்தில் முதலில் போர்ச்சுக்கீசியர், 1658-லிருந்து டச்சுக்காரர்கள். தரங்கம்பாடியில் 1620-லேயே டேனிஷ்காரர்கள். நாயக்கர்களுக்குப் பின் தஞ்சையை ஆண்ட மராட்டியர்களுக்கும் ஃபிரங்கி என்றால் உயிர். இங்குள்ள கைவினைஞர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். ஐரோப்பிய வாளை வெட்டிச் சுருக்கிக் கட்டாரிக்கு அலகாக்கினார்கள். பிடியில் யாளியைச் செதுக்கினார்கள்!

இவ்வளவும் எங்கே போயிற்று? 1855-ல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். ‘ராஜ்யம் முடிந்தது’ என்றது கம்பெனி. 1860-களில் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. நல்லதாகச் சிலவற்றைச் சென்னை மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மிச்சம்..? பழைய இரும்பு விலைக்குப் போயிற்று!

அடுத்தமுறை எழும்பூர் மியூசியத்துக்குப் போனால், தஞ்சாவூர் ஆயுதங்களின் முன் கொஞ்சம் நில்லுங்கள். அவற்றின் கூட்டாளிகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம்வரை சிதறிக் கிடக்கின்றன. போரில் தோற்று உடைந்த வாளுக்குக்கூட ஒரு கதை மிஞ்சும். எடைக்குப் போட்ட வாளுக்கு அதுவும் கிடையாது!