கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நம் வளவு



"பத்துப் பேர்ச் வளவை ரெண்டு மகளுக்கும் பிரிச்சிக் குடுக்க ஏலாதாம், ஏன் சேர்?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். பதில் நம் ஊரின் வரலாற்றில் இருக்கிறது.

கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டை. நடுவில் உள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை நாம் வாழ்கிறோம். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பது நம் வழக்கம். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை வளவு சுருங்கியது. கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கின.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் மாவட்டம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அதன்பின் வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர்தான். மாற்றுக் காணி எங்கே? நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழுந்த 500 வீடுகள் வழக்கால் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2005 இறுதியில் தடை தளர்ந்தது. காணிப் பஞ்சம் தளரவில்லை.

வயலை நிரப்பலாமா? 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி முடியாது. மாரி வெள்ளத்தைத் தாங்குவதும் அந்த வயல்தான்.

மிஞ்சுவது மேலே கட்டுவது. பெருநகரங்கள் ரயில் நிலையங்களைச் சுற்றி மாடிகளை அனுமதிக்கின்றன. நம் பக்கம் ரயில் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. நமக்கு பஸ் ஓடும் ஏ4 வீதிதான். அதை ஒட்டி, நடந்துபோய் பஸ் ஏறும் தூரத்தில், கீழே கடை மேலே வீடு என்று அமைவதே பொருத்தம். ஆனால் வடிகானும் ஒழுங்கை அகலமும் முதலில் வேண்டும்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிப்படி, பிரகடனப்படுத்திய பகுதிகளில் ஒரு துண்டு பொதுவாக 150 சதுர மீற்றர், ஏறக்குறைய 6 பேர்ச், இருக்க வேண்டும். பத்தை இரண்டாக்கினால் ஐந்துதான். ஆனால் அனுமதி பெற்று இரு மாடி கட்டினால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு மாடிக்கும் தனி உறுதி எழுத வழியுண்டு. இரு மகளுக்கும் வீடு கிடைக்கும்.

அபிவிருத்தித் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். மதில் கட்டும்போது ஒழுங்கையைப் பிடிக்காதீர்கள். நாளை அம்பியுலன்ஸும் நம் ஜனாஸாவும் போக வேண்டிய பாதை அது.