பொறிக்கப்படாத ஆயிரம்: கேமரா மாதிரிகளில் வசதிப் பங்கீட்டின் மூன்று கட்டங்கள்

விலை குறைந்த மாதிரி என்பது விலை கூடிய மாதிரியைக் கெடுத்துச் செய்ததே என்ற கருத்துக்குப் பொருளியலில் உறுதியான வடிவம் தந்தவர்கள் ரேமண்ட் டெனகர், பிரஸ்டன் மெக்காஃபி இருவரும். 1996இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின் முதன்மைச் சான்று ஐபிஎம் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி. நிமிடத்துக்கு 10 பக்கம் அச்சிடும் பொறியை இடையிடையே காத்திருக்க வைத்து, 5 பக்கம் தரும் மலிவு மாதிரியாக விற்றார்கள். இன்டெல் 486எஸ்எக்ஸ் சில்லில் கணிதத் துணைச்செயலியை முடக்கியது இன்னொரு சான்று. தரத்தைக் குறைப்பதற்கென்றே உற்பத்தியாளர் கூடுதலாகச் செலவிடுகிறார். அப்படியிருந்தும் வாங்குவோர் உட்பட எல்லாத் தரப்பும் பயன்பெறும் சூழல் இருக்க முடியும் என்பது அவர்கள் முடிவு. கணக்கில் பிழையில்லை. ஆனால் இந்தச் சட்டகத்தைக் கேமரா வரலாற்றின்மேல் அப்படியே பொருத்துவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே நடந்தவை மூன்று வேறுவேறு செயல்கள்: சேர்க்காமல் விடுதல், உறுதி தராமல் விடுதல், பூட்டிவைத்தல். டெனகர்–மெக்காஃபி வாசிப்பு கடைசி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

முதற்கட்டம் அதிக விளக்கம் வேண்டாதது. லைக்கா 2 (1932) தொலைவுமானியோடு வந்தது. லைக்கா 3 (1933) மெதுவேகங்களைச் சேர்த்தது. 3ஏ (1935) 1/1000 நொடியைச் சேர்த்தது. ஒவ்வொன்றும் கையால் தொடக்கூடிய உறுப்பு. அதற்குத் தனிச் செலவு உண்டு. பழைய கேமராவைப் பிந்தைய மாதிரியின் நிலைக்கு மாற்றித் தரும் பணியையும் லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் ஆலையே செய்தது. இங்கே கெடுத்தல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

சிக்கல் இரண்டாம் கட்டத்தில். அசாஹி பென்டாக்ஸ் எஸ்பி500 (1971) கேமராவின் ஷட்டர் டயலில் பொறிக்கப்பட்ட உச்ச எண் 500. அதற்கு அப்பால் எழுத்தில்லாத ஒரு நிறுத்தம் இருக்கிறது. டயலை அங்கே திருப்பினால் நிற்கும். ஷட்டரும் 1/1000க்குரிய இடைவெளியோடு ஓடும். 1962இன் எஸ்1ஏ மாதிரியிலும் இதே வெற்று நிறுத்தம் உண்டு. அதனோடு விற்ற எஸ்வி மாதிரியில் அதே இடத்தில் 1000 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. அச்சுப்பொறியில் வேகத்தைக் குறைக்க ஒரு தடை சேர்க்கப்பட்டது. இங்கே எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் அகற்றப்படவில்லை. டயலில் ஓர் எண் மட்டுமே இல்லை.

அந்த எண்ணின் பொருள் என்ன? துணித்திரை ஷட்டரில் திரைகள் ஓடும் வேகம் ஏறத்தாழ மாறாது. ஒளிபடும் நேரத்தைத் தீர்மானிப்பது இரு திரைகளுக்கும் இடையிலான பிளவு. 1/1000இல் அப்பிளவு 1/500இல் இருப்பதன் பாதிதான், சில மில்லிமீட்டர் அகலம். ஆகவே திரையோட்டத்தில் நேரும் ஒரே அளவு பிழை, 1/500இல் விளைவிப்பதைப் போல இருமடங்கு ஒளிமாற்றத்தை 1/1000இல் விளைவிக்கும். டயலில் 1000 என்று பொறிக்கும் ஆலை, அந்தப் பிழையைக் கட்டுக்குள் வைக்கும் சரிக்கட்டும் வேலைக்கும் பொறுப்பேற்கிறது. எண்ணைப் பொறிக்காதபோது பொறிமுறை இருக்கிறது, பொறுப்பு இல்லை. எனவே வெற்று நிறுத்தத்தை, கெடுக்கப்பட்ட திறனாக அல்ல, தரப்படாத உறுதியாகவே வாசிக்க வேண்டும். இன்று பல எஸ்பி500 கேமராக்கள் அந்த நிறுத்தத்தில் நல்ல படம் தருவது இவ்வாசிப்பை மறுக்காது. திறன் இருந்தது என்பதை அது காட்டுகிறது. ஆலை அதற்கு உறுதி நின்றது என்பதை அன்று.

இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. எஸ்பி500உடன் விற்ற 55 மி.மீ. எஃப்/2 லென்ஸ், எஃப்/1.8 லென்ஸின் அதே கண்ணாடி அமைப்பைக் கொண்டது, உள்ளே ஒரு வளையம் துளையைக் குறுக்குகிறது என்று சேகரிப்பாளர்கள் பரவலாகக் கூறுகிறார்கள். அப்படியானால் அது டெனகர்–மெக்காஃபி சொல்லும் பொருளில் கெடுத்தலே. ஒரே பெட்டியில் விற்ற உடலிலும் லென்ஸிலும் இருவேறு உத்திகள் இருந்தன என்றே கொள்ள வேண்டும்.

எஸ்பி500க்குப் பின்வந்த எஸ்பி1000 டயலில் அந்த எண் திரும்பவும் பொறிக்கப்பட்டது. இது வெளிவந்த ஆண்டைச் சிலர் 1973 என்றும் சிலர் 1974 என்றும் தருகிறார்கள். 1973 எனில் அது பென்டாக்ஸின் மேல்மாதிரியான ஸ்பாட்மேட்டிக் எஃப் வெளிவந்த ஆண்டு. முழுத் துளையில் ஒளி அளக்கும் வசதி மேல்மாதிரியின் அடையாளமானதும் 1/1000 வேலியாக இருக்கத் தேவையற்றுப் போனது என்று வாதிடலாம். ஆண்டு உறுதிப்படாதவரை இதை ஊகமாகவே முன்வைக்கிறேன். எண் சந்தைப் பிரிவினைக்கும் உதவியது என்பதை இது ஏற்கிறது. அதனால் அது கெடுத்தல் ஆகிவிடாது.

உண்மையான பூட்டு வந்தது 2003இல். கேனன் 10டி, 300டி இரண்டும் அதே 63 லட்சம் படப்புள்ளி உணரியைப் பகிர்ந்தன. அமெரிக்காவில் உடல் மட்டும் முறையே 1,499 டாலர், 899 டாலர். மெக்னீசிய உடல், பின்புறச் சக்கரம், கண்ணாடிப் பட்டகம் ஆகிய வேறுபாடுகள் முதற்கட்ட வகை, அவை பொருட்செலவு. ஆனால் ஃபிளாஷ் ஒளித்திருத்தம், ஐஎஸ்ஓ 3200, கண்ணாடியை முன்கூட்டி உயர்த்துதல் ஆகியவை 300டியில் இல்லாததற்கு உறுப்புக் குறை காரணமன்று. பயனர்கள் திருத்திய ஃபர்ம்வேரை ஏற்றியதும் அவை இயங்கின. 2005இன் 350டியில் ஃபிளாஷ் திருத்தமும் கண்ணாடி உயர்த்தலும் முறையாகவே இடம்பெற்றன.

எஸ்பி500 உடைமையாளர் தன் பொறுப்பில் டயலைத் திருப்பினால் போதும்; 300டி உடைமையாளர் ஆலை எழுதிய கட்டளையை மாற்ற வேண்டியிருந்தது. வாங்கிய கருவியின்மேல் வாங்கியவருக்கு உள்ள அதிகாரம் இவ்விரு கட்டங்களுக்கிடையே சுருங்கியிருக்கிறது. நலன்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்கில் இந்த இழப்பு பதிவாவதில்லை. கேமராவில் வசதிப் பங்கீட்டின் வரலாற்றை எழுதுவோர் விலைப்பட்டியலோடு நில்லாமல் டயலையும் படிக்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.