மேரிலாந்தில் களவுபோன ஹார்ட் டிஸ்க்

2006 மே 3. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஓர் அரசு ஊழியரின் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். ஒரு லேப்டாப்பும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றும் களவுபோயின. அவற்றில் முன்னாள் படைவீரர் நலத்துறையிலிருந்து அவர் எடுத்துவந்திருந்த தரவுகள் இருந்தன: சுமார் 2.65 கோடி பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண். எதுவும் குறியாக்கம் செய்யப்படவில்லை.

லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு இருந்தால் மட்டும் போதாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே திறக்கும். முழு வட்டுக் குறியாக்கம் அந்த வழியைத்தான் அடைக்கிறது. இயங்குதளம் உட்பட டிஸ்க்கில் உள்ள அனைத்தும், சாவி இல்லாதவருக்கு அர்த்தமற்ற எண்குவியல்.

அதே ஆண்டு ஜூனில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம், லேப்டாப்களில் உள்ள முக்கியத் தரவுகளைக் குறியாக்கம் செய்யும்படி எல்லாத் துறைகளையும் அறிவுறுத்தியது. அந்த மாத இறுதியில் களவுபோனவை கிடைத்தன. தரவுகளை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை என்றது எஃப்.பி.ஐ.

விண்டோஸ் விஸ்டாவின் என்டர்பிரைஸ், அல்டிமேட் பதிப்புகள் முழு வட்டுக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கருடன் வந்தன. 2008இல் ட்ரூகிரிப்ட் 5.0 மென்பொருள் இதே வசதியை இலவசமாகவே தந்தது.

2009இல், மேரிலாந்து திருட்டு தொடர்பாகப் படைவீரர்கள் தொடுத்த வழக்கை முடிக்க அரசு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.