பெலஃபான்டேயின் தயாரிப்பு ஆண்டுகள்: திரைப்படமும் தொலைக்காட்சியும், 1953–1984

ஹாரி பெலஃபான்டே என்றால் உலகம் முதலில் நினைப்பது பாடகரைத்தான். 1956இல் வெளிவந்த அவருடைய 'கலிப்சோ' இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தப் புகழின் அருகில் அவருடைய திரை வாழ்க்கை மங்கித் தெரிகிறது. அதிலும் 1959க்குப் பின் 1970 வரை அவர் நடித்த கதைப்படம் ஒன்றும் வரவில்லை. ஆகவே அமெரிக்கத் திரை வரலாற்றை எழுதுவோர் பலரும் அவருக்குச் சில வரிகளை ஒதுக்கிவிட்டு, அவருடைய நெருங்கிய நண்பர் சிட்னி பாய்ட்டியரிடம் போய்விடுகிறார்கள். நடித்த படங்களின் பட்டியலை வைத்து அளந்தால் அப்படித்தான் தோன்றும். தயாரிப்பாளராக அவர் செய்ததை வைத்து அளந்தால், அந்தப் பதினோரு ஆண்டுகளே அவர் வாழ்வில் மிகச் செறிவான காலம்.

1927இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர் பெலஃபான்டே. தாய் ஜமைக்காவைச் சேர்ந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் அவரும் அங்கே வளர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையில் இருந்துவிட்டுத் திரும்பி, கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தார். அங்கே குடியிருந்த ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த நாடகச் சீட்டுதான் அவரை 'அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்' குழுவிடம் கொண்டு சேர்த்தது. பின்னர் ஜெர்மானிய இயக்குநர் எர்வின் பிஸ்காட்டரின் நாடகப் பட்டறையில் மார்லன் பிராண்டோவுடன் படித்தார். அவர் ஆசைப்பட்டது நடிப்புக்கு. பாட்டு என்பது நடிப்பு வகுப்புக்கான செலவை ஈட்ட வந்த வழி.

'பிரைட் ரோட்' (1953) முதல் படம். அடுத்து ஓட்டோ பிரெமிஞ்சரின் 'கார்மென் ஜோன்ஸ்' (1954). அதில் அவர்தான் நாயகன். பாடல்களுக்கோ வேறொருவர் குரல் கொடுத்தார். நாடே கேட்கத் தொடங்கியிருந்த ஒரு குரலை ஸ்டூடியோ தேவையில்லை என்று விலக்கியது, நடிகனுக்கு அங்கே எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதைக் காட்டுகிறது. 'ஐலண்ட் இன் த சன்' (1957) அதைவிடக் கூர்மையான பாடம். வெள்ளையர்–கறுப்பினத்தவர் காதலைத் திரையில் காட்டக் கூடாது என்ற ஹாலிவுட்டின் தணிக்கை விதி 1956இன் இறுதியில்தான் நீக்கப்பட்டிருந்தது. விதி போனாலும் அச்சம் போகவில்லை. ஜோன் ஃபோன்டெய்னும் பெலஃபான்டேயும் காதலர்களாக வந்தும், ஒரு முத்தத்துக்குக்கூட இடம் இல்லை. அப்படியிருந்தும் தென் மாநிலங்களில் எதிர்ப்பு கிளம்பியது.

இந்தப் பின்னணியில் உருவானதுதான் 'ஹார்பெல்' என்ற அவருடைய சொந்த நிறுவனம். 1959இல் அதன் பங்களிப்போடு இரண்டு படங்கள் வந்தன. எம்.ஜி.எம்.முடன் சேர்ந்து எடுத்த 'த வேர்ல்ட், த ஃபிளெஷ் அண்ட் த டெவில்', அணுப் பேரழிவுக்குப் பின் ஆளற்றுப்போன நியூயார்க்கில் மூவர் மட்டும் மிஞ்சும் கதை. வலுவாகத் தொடங்கி, இனத்தையும் காதலையும் பற்றி முடிவெடுக்கத் துணியாமல் தளர்ந்துவிடுகிறது. அந்த முடிவு பெலஃபான்டேக்கும் நிறைவளிக்கவில்லை.

இரண்டாவதான 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ' வேறு தரம். ராபர்ட் வைஸ் இயக்கியது. முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் வங்கிக் கொள்ளைக்கு இருவரைச் சேர்க்கிறார்: கடனில் மூழ்கிய கறுப்பின ஜாஸ் கலைஞன், இனவெறி ஊறிய வெள்ளையன். திட்டம் சிதைவதற்குக் காரணம் அந்த வெறியே. திரைக்கதையை எழுதிய ஆபிரகாம் பொலான்ஸ்கி, 1951இல் கம்யூனிஸ்ட் தொடர்புகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்ததால் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். அவர் பெயரைப் போட முடியாததால் கறுப்பின நாவலாசிரியர் ஜான் ஓ. கில்லன்ஸின் பெயர் முன்னே நின்றது. பொலான்ஸ்கிக்கு உரிய இடம் 1996இல்தான் திரும்பக் கிடைத்தது. ஜாஸ் இசைக்கு ஜான் லூயிஸ். யாரை வேலைக்கு வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு கறுப்பினத் தயாரிப்பாளருக்குக் கிடைத்தபோது, துரத்தப்பட்டவர்களுக்கும் அங்கே கதவு திறந்தது. பெலஃபான்டேயின் படங்களில் இதையே சிறந்ததாக மதிக்கிறேன்.

அதே ஆண்டு டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'டுநைட் வித் பெலஃபான்டே' ஒளிபரப்பானது. விளம்பரதாரர் ரெவ்லான், இயக்கம் நார்மன் ஜூயிசன். உழைப்புப் பாட்டு, சிறைக்கைதிகளின் பாட்டு, ஓடெட்டாவின் குரல் என்று கறுப்பினத்தவரின் இசையை அலங்காரம் இல்லாமல் முன்வைத்த ஒரு மணி நேரம் அது. எம்மி விருதைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் என்ற இடம் இதனால் அவருக்கு அமைந்தது. அடுத்த நிகழ்ச்சியில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கலந்து தோன்றினார்கள். அதன்பின், கலக்காமல் ஒரே இனத்தவரை வைத்துக்கொள்ளுமாறு விளம்பரதாரர் தரப்பு கேட்டதாகவும், மறுத்துவிட்டு வெளியேறியதாகவும் அவரே பின்னாளில் விவரித்திருக்கிறார்.

இதே காலத்தில் திரைப்பட வாய்ப்புகளையும் தள்ளினார். 'போர்கி அண்ட் பெஸ்', 'லில்லீஸ் ஆஃப் த ஃபீல்ட்' இரண்டும் அவர் மறுத்தவை. இரண்டிலும் பாய்ட்டியர் நடித்தார், இரண்டாவதற்கு ஆஸ்கரும் பெற்றார். முன்பின் வரலாறே இல்லாத நல்லவனாக மட்டும் ஒரு கறுப்பினப் பாத்திரம் வந்து போவதை பெலஃபான்டேயால் ஏற்க முடியவில்லை. மறுத்ததோடு நிற்காமல் 'த ஸ்ட்ரோலிங் ட்வென்டீஸ்' (1966) என்ற நிகழ்ச்சியைத் தயாரித்தார். லாங்ஸ்டன் ஹியூஸ் எழுத, டியூக் எலிங்டனும் டயான் கேரலும் பங்கேற்க, 1920களின் ஹார்லெம் வீட்டுத் திரைகளுக்கு வந்தது. 1967இல் 'எ டைம் ஃபார் லாஃப்டர்' வழியாக மாம்ஸ் மேப்லி முதல் இளம் ரிச்சர்ட் பிரையர் வரை கறுப்பின நகைச்சுவை மரபையே ஏ.பி.சி.யில் நிறுத்தினார்.

1968ஆம் ஆண்டு இந்த வரலாற்றின் உச்சம். பிப்ரவரியில் ஜானி கார்சனுக்குப் பதிலாக 'டுநைட் ஷோ'வை ஒரு வாரம் நடத்தினார். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் விருந்தினர்களாக வந்தார்கள். ஜூன் முடிவதற்குள் இருவருமே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த வாரத்தின் ஒளிநாடாக்களில் பெரும்பகுதி இன்று இல்லை. பெலஃபான்டேயின் தொலைக்காட்சிப் பணி வரலாற்றில் சிறுத்துப்போனதற்கு இந்த அழிவும் ஒரு காரணம் என்பேன்.

மார்ச்சில் வெள்ளையினப் பாடகி பெட்டுலா கிளார்க்கின் என்.பி.சி. நிகழ்ச்சிப் பதிவின்போது, பாடிக்கொண்டே கிளார்க் பெலஃபான்டேயின் கையைப் பற்றினார். விளம்பரம் தந்த கார் நிறுவனத்தின் பிரதிநிதி வேறு பதிவைப் பயன்படுத்தச் சொன்னார். கிளார்க்கும் அவர் கணவரும் மற்ற பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டார்கள். கிங் கொல்லப்பட்ட நான்காம் நாள், ஏப்ரல் 8 அன்று, அந்தத் தொடுகையோடு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதே ஆண்டின் பிற்பகுதியில் 'ஸ்மதர்ஸ் பிரதர்ஸ்' நிகழ்ச்சியில், சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டு வன்முறைக் காட்சிகளுக்கு முன் நின்று அவர் பாடிய பாட்டை சி.பி.எஸ். முழுதாக வெட்டியது, மிஞ்சிய நேரம் நிக்சனின் தேர்தல் விளம்பரத்துக்கு விற்கப்பட்டது. இரண்டிலும் அவர் விருந்தினர்தான். பதிவு கலைஞர்கள் வசம் இருந்த இடத்தில் காட்சி பிழைத்தது, நிறுவனத்தின் வசம் இருந்த இடத்தில் மாண்டது.

1970இல் 'த ஏஞ்சல் லெவின்' படத்தோடு திரைக்குத் திரும்பினார். ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு கறுப்பின, புவர்ட்டோ ரிக்க இளைஞர்கள் அதில் தொழில் பயின்றார்கள். 1972இல் பாய்ட்டியரும் அவரும் தத்தம் நிறுவனங்கள் வழியே சேர்ந்து 'பக் அண்ட் த பிரீச்சர்' எடுத்தார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு மேற்கே குடிபெயர்ந்த மக்களின் கதை. மெக்சிகோவின் துராங்கோவில் படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே இயக்குநர் ஜோசப் சார்ஜென்ட் விலக்கப்பட, பாய்ட்டியரே இயக்கினார். அவர் இயக்கிய முதல் படம் அது. கௌபாய்ப் படங்கள் மறைத்த ஒரு மக்கள் கூட்டம் அதில் கதையின் நடுவே வந்து நின்றது.

1984இல் ஐம்பத்தேழு வயதில் அவர் தயாரித்தது 'பீட் ஸ்ட்ரீட்'. ஸ்டான் லாதன் இயக்கம். பிராங்ஸ் தெருக்களில் ஹிப் ஹாப்பை வளர்த்த நடனக் குழுக்களும் இசைக்கலைஞர்களுமே அதில் தோன்றினார்கள். கிழக்கு ஜெர்மனி 1985இல் அதைத் திரையிட்டது, முதலாளித்துவ நாட்டின் வறுமையைக் காட்டும் சான்றாக. அங்கிருந்த இளைஞர்கள் படத்தில் கண்டதோ நடனம். பிரேக் டான்ஸ் அந்நாட்டுத் தெருக்களில் பரவியது. தடுக்க முடியாத அரசு, கடைசியில் நடனக் குழுக்களுக்கு உரிமம் கொடுத்துத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முயன்றது.