மூடிய சுழல் கட்டுப்பாட்டுச் சோதனை

தொலைத்தொடர்பு வலையமைப்பில் கோளாறைக் கண்டுபிடிப்பது, என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, அதைச் செய்து முடிப்பது ஆகிய மூன்றையும் ஆள் தலையீடு இல்லாமல் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மூடிய சுழல் கட்டுப்பாடு என்று பெயர். அதை நிஜ வலையமைப்பில் ஓடவிடும் முன், சுற்றியிருக்கும் சேவைகளுக்குப் பதிலாகச் சிமுலேட்டர்களை நிறுத்திச் சோதிப்பது வழக்கம். ஓனாப் என்ற திறமூலத் திட்டத்தில் இந்த முறையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வலையமைப்பு எப்படி விழும் என்பதை 1990 ஜனவரி 15 அன்றே அமெரிக்கா பார்த்துவிட்டது. நியூயார்க்கில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூர இணைப்பகம் ஒன்றில் சிறு கோளாறு. விதிப்படி அது சில விநாடிகள் ஒதுங்கி, தன்னை மீட்டுக்கொண்டு, 'திரும்பிவிட்டேன்' என்று அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியைப் பதிந்துகொண்டிருக்கும்போதே அடுத்த செய்தியும் வந்தால் அண்டை இணைப்பகம் குழம்பிவிடும். காரணம், சி மொழியில் எழுதிய நிரலில் 'பிரேக்' கட்டளை ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருந்தது. குழம்பிய அண்டை இணைப்பகமும் தன்னை மீட்டுக்கொண்டு, தன் பங்குக்குச் செய்தி அனுப்பியது. இப்படியே 114 இணைப்பகங்கள் மாறி மாறி விழுந்து எழுந்தன. சேவை ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் சீர்குலைந்தது. சோதனைக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு செய்தி மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இந்தப் பிழை தலைகாட்டியே இருக்காது.

இச்சோதனை முறைக்கு இரண்டு மூதாதைகள் உண்டு. ஒன்று, வலையமைப்பையே கணினிக்குள் போலியாக அமைப்பது. 1980களின் இறுதியில் எழுந்த ரியல், என்எஸ் போன்ற சிமுலேட்டர்களில் தொடங்கி, ஒரே மடிக்கணினியில் நூற்றுக்கணக்கான கணுக்களை ஓட்டிக்காட்டிய மினிநெட் (2010) வரை இந்த வரிசை நீளும். மற்றொன்று மென்பொருள் எழுதுவோரின் பழக்கம். தான் நம்பியிருக்கும் பிற பகுதிக்குப் பதில் ஓர் ஆள்மாறாட்டப் பகுதியை வைத்துத் தன் நிரலைச் சோதிக்கும் 'மாக் ஆப்ஜெக்ட்' முறை 2000இல் கட்டுரையாக வெளிவந்தது. ஜெரார்ட் மெசாரோஸ் 2007இல் தம் நூலில் இத்தகைய பகுதிகளை வகைபிரித்துப் பெயரிட்டார். மூடிய சுழலைச் சோதிப்பவர்கள் அதிகம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது மரபிலிருந்துதான்.

வலையமைப்புக் கருவிகளை வெளியிலிருந்து மென்பொருளால் கட்டுப்படுத்த உதவும் ஓப்பன்ஃப்ளோ 2008இல் வந்தது. வலையமைப்புக் கருவிகளின் வேலைகளைச் சாதாரண சர்வர்களில் மென்பொருளாக ஓட்டலாம் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 2012 அக்டோபரில் கூட்டறிக்கை விட்டன. வன்பொருள் மென்பொருளாக மாறியதும், அதை இயக்கும் கையையும் மென்பொருளாக்கும் ஆசை வருவது இயல்பு. ஏடி அண்ட் டி உருவாக்கிய ஈகாம்ப், சைனா மொபைல் முன்னின்று வளர்த்த ஓப்பன்-ஓ ஆகிய இரண்டும் 2017 பிப்ரவரியில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின்கீழ் இணைந்து ஓனாப் ஆயின. முதல் பதிப்பான ஆம்ஸ்டர்டாம் அதே ஆண்டு நவம்பரில் வந்தது.

ஓனாப் தன் திறமையைக் காட்டத் தேர்ந்தெடுத்த உதாரணம் ஒரு மெய்நிகர் ஃபயர்வால். ஒரு பக்கம் பாக்கெட்டுகளை உற்பத்தி செய்யும் கருவி, நடுவில் ஃபயர்வால், மறுபக்கம் வந்து சேருவதை எண்ணும் கருவி. வந்து சேரும் எண்ணிக்கை 300க்குக் கீழே இறங்கினாலோ 700ஐத் தாண்டினாலோ கண்காணிப்புப் பகுதி 'ஆன்செட்' என்ற எச்சரிக்கையை எழுப்பும். கொள்கைப் பொறி அதைப் படித்து, கையிருப்புப் பதிவேட்டில் கருவியின் விவரத்தைக் கேட்டு, கட்டுப்படுத்தியான ஆப்-சியிடம் பாக்கெட் ஓடைகளின் எண்ணிக்கையை 5 ஆக மாற்றச் சொல்லும். வரைபடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த கோடு நடுவில் வந்து நிற்கும். பார்ப்பதற்கு எளிய விஷயம்தான். ஆனால் இதைப் பார்க்க முழு ஓனாப்பையும் நிறுவவேண்டும். ஒரு கட்டத்தில் நிறுவல் வழிகாட்டி அதற்குக் கேட்ட நினைவகம் 224 ஜிபி, மெய்நிகர் செயலி உள்ளகங்கள் 112. கொள்கைப் பொறியில் ஒரு வரி மாற்றிய நிரலாளர் அதைச் சரிபார்க்க இவ்வளவுக்கும் எங்கே போவார்?

ஆகவே ஓனாப்பின் கொள்கைப் பொறியை எழுதும் குழு, பதிவேடு, ஆப்-சி முதலிய அண்டைச் சேவைகள் ஒவ்வொன்றுக்கும் சிறு சிமுலேட்டர் எழுதிக்கொண்டது. சோதிப்பவர் கர்ல் கட்டளையால் பொய்யான ஆன்செட் ஒன்றைச் செய்தித்தடத்தில் போடுவார். பதிவேட்டின் வேடம் போட்ட சிமுலேட்டர் முன்பே எழுதிவைத்த விவரத்தை நீட்டும். ஆப்-சியின் வேடம் போட்டது இரண்டு முறை பேசவேண்டும்: முதலில் 100, 'ஏற்றுக்கொண்டேன்', பிறகு 400, 'முடித்துவிட்டேன்'. இணையச் சேவைகளில் 400 என்றால் கோரிக்கையே தவறு என்று பொருள். ஆப்-சியில் அது வெற்றி. புதிதாக வருபவர் இங்கே ஒருமுறையாவது தடுமாறாமல் போவது அரிது. அறிவிப்புத் தடத்தில் 'ஆக்டிவ்' முதல் 'ஃபைனல் சக்ஸஸ்' வரை வரிசையாக வந்துவிட்டால் சோதனை தேறியது. இத்தகைய சோதனைகளைத் தானாக ஓட்ட, நோக்கியா நெட்வொர்க்ஸில் பிறந்து 2008இல் திறமூலமான ரோபாட் ஃபிரேம்வொர்க் பயன்பட்டது.

தேறியது எது என்று கேட்டால்தான் சிக்கல். ஒரு செயலுக்குக் கொள்கை எழுதும்போது முடிவுக்கு ஆறு வாசல்கள் வைக்கவேண்டும்: வெற்றி, தோல்வி, நேரங்கடந்த தோல்வி, மறுமுயற்சிகள் தீர்ந்த தோல்வி, காவல் விதி தடுத்ததால் தோல்வி, எதிர்பாராப் பிழையால் தோல்வி. ஒரே செயலைக் குறுகிய காலத்தில் திரும்பத் திரும்பச் செய்யவிடாமல் நிறுத்துவதுதான் காவல் விதியின் முக்கிய வேலை; 1990இன் 114 இணைப்பகங்களுக்கு இல்லாமல்போனது ஏறத்தாழ இதுவே. ஆறில் ஐந்து தோல்வி என்பதே வடிவமைத்தவர்களின் அனுபவத்தைக் காட்டுகிறது. எப்போதும் 400 சொல்லும் சிமுலேட்டரோ ஒரே வாசல் வழியாகத்தான் அழைத்துப்போகும். போலிச் சேவை விரைவாகவும் பிழையின்றியும் பதில் சொல்வதைப் பெருமையாக நினைப்பது இத்துறையின் பழைய நோய் என்றே சொல்லவேண்டும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் போல மறைந்துபோனதும் 1990இன் விபத்தின் வகையைச் சேர்ந்ததுதான். பராமரிப்புக் கட்டளை ஒன்று முதுகெலும்பு வலையமைப்பை அறுத்தது. அதைத் தடுத்திருக்கவேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பிழை. தரவு மையங்களை எட்டமுடியாத டிஎன்எஸ் நிலையங்கள் ஒவ்வொன்றும், கோளாறு தன்னிடமே இருப்பதாகக் கொண்டு, தன் முகவரி அறிவிப்பை இணையத்திலிருந்து தானாகவே விலக்கிக்கொண்டது. ஒரு நிலையம் மட்டும் கெட்டிருந்தால் மிகச் சரியான நடத்தை அது.

முழு வலையமைப்பையே நகலெடுத்துச் சோதிக்கும் வழியை மைக்ரோசாஃப்ட் 2017இல் கிரிஸ்டல்நெட் மூலம் காட்டியது. உண்மையான ரூட்டர் மென்பொருளையே மேகக் கணினிகளில் ஓட்டுவதால் நம்பகம் கூடும், செலவும் கூடும். சிறு சிமுலேட்டர்களின் மரபு மொபைல் வலையமைப்பின் ரேடியோ பகுதிக்கான திறமூல மென்பொருளை எழுத 2019இல் தொடங்கிய ஓ-ரான் மென்பொருள் சமூகத்தில் தொடர்கிறது. அங்கே கொள்கைகளைக் கொண்டுசெல்லும் ஏ1 இடைமுகத்துக்கு எழுதப்பட்ட சிமுலேட்டரில், அடுத்து வரும் ஒரு கோரிக்கைக்கு மட்டும் குறித்த பிழை எண்ணைத் திருப்பச் சொல்லலாம். எல்லாப் பதில்களையும் இத்தனை விநாடி தாமதப்படுத்தச் சொல்லலாம், பூஜ்யம் என்று மாற்றும்வரை அந்தத் தாமதம் நீடிக்கும்.