காவல் முறை (திருச்சுழி வட்டாரம்)

திருச்சுழி, அருப்புக்கோட்டை, கமுதி பகுதிகளின் வானம் பார்த்த ஊர்களில் போலீஸ் வருவதற்கு முன்பிருந்த பாதுகாப்பு ஏற்பாடு. பெரும்பாலும் மறவர் பொறுப்பில் இருந்தது.

காவல் இருவகைப்படும். ஓர் ஊரின் வீடு, களம், கால்நடைகளைக் காப்பது தலக்காவல். பாளையக்காரரின் அதிகாரத்தில் பல ஊர்களையும் பாதைகளையும் காப்பது திசைக்காவல். காவல்காரருக்கு அறுவடையில் தானியப் பங்கு உண்டு. சில ஊர்களில் மானிய நிலமும் உண்டு. களவு போன பொருளை அவர் மீட்டுத்தர வேண்டும், இல்லையேல் ஈடுகட்ட வேண்டும். மாடு களவுபோனால் துப்புச் சொல்பவருக்குத் துப்புக்கூலி கொடுத்து மீட்பதும் வழக்கம். உழவு மாடு போனால் கரிசல் சம்சாரிக்கு அந்த ஆண்டு விதைப்பே இல்லை. திருடன் சிறைக்குப் போவதால் அவருக்கு ஆவதொன்றுமில்லை. குற்றத்துக்குத் தண்டனையைவிட ஈடே முதன்மை என்று இன்றைய குற்றவியலாளர் சிலர் வாதிடுவது இங்கே நடைமுறையாகவே இருந்தது. ஆங்கில அதிகாரிகள் துப்புக்கூலியை மிரட்டிப் பறித்த பணம் என்று எழுதியது மேலோட்டமான பார்வை.

பாளையங்கள் 1801-க்குப் பின் ஒடுக்கப்பட்டதும் திசைக்காவல் சரிந்தது. 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. அரசு நீதிமன்றமும் அருகிலேயே வந்துவிட்டது: 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வழக்காடியவர். ஆயினும் ஊர்கள் காவல்காரரை உடனே கைவிடவில்லை. பழைய கூலியைக் கேட்ட காவல்காரர் அரசின் கண்ணில் குற்றவாளியானார்.

1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சாதியைக் குற்றப் பரம்பரைப் பட்டியலில் சேர்த்த அரசாணையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. கைரேகைப் பதிவு, குறித்த நேரத்தில் ஆஜர், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு ஆகியவை கட்டாயமாயின. கைரேகை தர மறுத்த பிரமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். ராமநாதபுரம் மாவட்ட மறவரில் ஒரு பகுதியினரும் சட்டத்துக்குள் வந்தபோது முத்துராமலிங்கத் தேவர் கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்தில் எதிர்ப்பைத் திரட்டினார். 1947-இல் சென்னை அரசு சட்டத்தை நீக்கியது. மறு ஆண்டே தொடர் குற்றவாளிகளுக்கென்று வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. சாதியின் பெயர் மட்டும் அதில் இல்லை.

திருச்சுழி 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டோர் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றனர். இவர்களை மனம்போனபடி கைது செய்வதற்கு எதிரான நெறிமுறைகளைப் போலீஸ் பின்பற்ற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஆணையிட்டது.