முற்றம் முதல் மாடிப்படி வரை: புதுச்சேரி வட்டாரத்தில் கூட்டுக் குடியிருப்பின் வளர்ச்சி

பல குடும்பங்கள் ஒரே மனையில், தாங்கக்கூடிய செலவில், ஒருவருக்கொருவர் துணையாக வாழ்வதற்கான கட்டட வடிவங்களைப் புதுச்சேரியும் அதைச் சூழ்ந்த தமிழகப் பகுதியும் கடந்த நூறாண்டுகளில் பலவாறு முயன்று பார்த்திருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்குகிறது. செலவைக் குறைத்ததும் அக்கம்பக்க உறவை வளர்த்ததும் பெரும்பாலும் ஒன்றேதான்: பலரும் புழங்கப் பொதுவில் விடப்பட்ட இடம். அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்க மறந்த காலங்களில் வீடுகளின் எண்ணிக்கை கூடியது, குடியிருப்பு குலைந்தது.

புதுச்சேரியின் தமிழர் தெருக்களில் பழைய வீட்டின் முகப்பு மூன்று படிநிலை கொண்டது. தெருவோடு ஒட்டிய தாழ்வாரம் வழிப்போக்கருக்கும் உரியது. அதற்குள் திண்ணை, வீட்டாரும் தெருவாரும் சந்திக்கும் இடம். கதவைத் தாண்டி முற்றம், குடும்பத்தின் நடுவிடம். வைசியாள் வீதியில் இந்த முகப்புகள் பலவற்றை இந்தியத் தொல்மரபு அறக்கட்டளையான இன்டாக் சீரமைத்தது. ஒரு வீட்டுக்குள் கூட்டுக்குடும்பம் பெருகி, பின் பங்கு பிரிந்தபோது முற்றமும் கிணறும் பெரும்பாலும் பிரிக்கப்படாமல் நின்றன. பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் இந்த வழக்கத்தைக் காணலாம்: அறைகளைப் பங்குபோட்ட பிறகு, நடைவழி பொது, கிணற்றுத் தண்ணீர் பொது என்று தனியாக ஒரு வரி எழுதுவார்கள். சண்டைக்கு விதை அந்த வரிதான் என்பார்கள் சிலர். என் பார்வையில் நம் மக்கள் தாமாக எழுதிக்கொண்ட கூட்டுக் குடியிருப்புச் சட்டம் அதுவே.

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற இடங்களில் இதே முற்றவீடு வாடகைக்கு வந்து ஒண்டுக்குடித்தனமாயிற்று. ஓர் அறை, ஓர் அடுப்படி, எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. நெரிசலும் தண்ணீர்ச் சண்டையும் அங்கே உண்டு. பெண்களுக்குத் தனிமை என்பதே இல்லை. ஆனாலும் குறைந்த வாடகையில் நகரத்தின் நடுவே வேலைக்கு அருகில் குடியிருக்க வழி செய்தது அது. அதைக் குறையாக மட்டும் பார்த்த பிற்கால நகரத் திட்டம், அதன் குறையோடு குணத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டது.

புதுச்சேரி துமா வீதியில் நிற்கும் கோல்கொண்டே விடுதி வேறொரு தொடக்கம். ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்காக அந்தோனின் ரேமண்ட் வரைந்த கட்டடம் இது. 1930களின் இறுதியில் வேலை தொடங்கியது. ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாம்மரும் உடனிருந்து கட்டினர். ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதாரி வழியாக நிஜாம் அரசின் நன்கொடை வந்ததால் கோல்கொண்டா பெயர். வலுவூட்டிய கான்கிரீட்டில் இந்தியாவில் எழுந்த முன்னோடிக் கட்டடங்களுள் ஒன்று. கண்ணாடிச் சன்னல் கிடையாது. முகப்பு முழுவதும் கையால் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். வெயில் ஏறினால் சாய்த்து மூடலாம், மாலையில் கடற்காற்றுக்குத் திறக்கலாம். வடபுறம் நீண்ட நடை, தென்புறம் அறைகள். அறைக்கும் நடைக்கும் இடையே பலகையடித்த தேக்கு நகர்கதவு. கதவு மூடியிருக்கும்போதும் காற்று குறுக்கே ஓடும். இது குடும்பங்களுக்கான வீடல்ல, மலிவானதுமல்ல. ஆயினும் சிறிய அறையும் தாராளமான நடையும் சேர்ந்தால் கடற்கரை வெப்பத்தில் மின்விசிறிகூட இல்லாமல் பலர் வாழ முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

ஏழைகளுக்கு வீடு கட்டுவதில் அரசு பெருமளவில் இறங்கியது 1970இல், மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அமைந்த தமிழ்நாடு குடிசை மாற்று வாரியத்தோடு. தொடக்க காலத்தில் அது குடிசைகள் இருந்த இடத்திலேயே மூன்று மாடிக் கட்டடங்களை எழுப்பியது. சென்னை நொச்சிக்குப்பத்து மீனவர் கடலை விட்டுப் போகவில்லை. பிழைப்பு அங்கேயே, உறவும் அங்கேயே. வீடு சிறியதுதான், பராமரிப்பு மோசம்தான். 2000இல் கண்ணகி நகரும் அதன்பின் பெரும்பாக்கமும் வந்தபோது கணக்கு மாறியது. நகர எல்லையில் மலிவான நிலம், ஆயிரக்கணக்கான வீடுகள், பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. ஒரு தெருவில் ஒன்றாக இருந்தவர்கள் வெவ்வேறு கட்டடங்களுக்குச் சிதறினர். மாடிப்படியும் தாழ்வாரமும் நடந்து கடக்கும் வழியாக மட்டும் சுருங்கின. ஏழைக்கு இடம் கொடுத்ததற்காக அரசைப் பாராட்டுவோர் இந்த இழப்பையும் செலவில் எழுத வேண்டும்.

பொது இடத்தின் இந்தச் சுருக்கம் தவிர்க்க முடியாததல்ல. வியன்னா நகராட்சி 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃபில் 1,382 வீடுகள் இருந்தும், மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பில்தான் கட்டடம் நிற்கிறது. மீதி முற்றம், தோட்டம். கூடவே பொதுச் சலவையகமும் மழலையர் பள்ளியும்.

நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் 1990களில் உருவான விகாஸ் குடியிருப்பு இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம். சத்பிரேம் மைனி வடிவமைத்தது. மூன்று கட்டடங்கள், 23 வீடுகள், சுமார் 50 பேர், அனைவருக்கும் ஒரு பொதுச் சமையற்கூடம். மூன்றாவது கட்டடத்தின் கீழ்த்தளம் தரைமட்டத்துக்குக் கீழே 1.2 மீட்டர் இறங்குகிறது. அங்கே தோண்டிய செம்மண்ணையே 5 விழுக்காடு சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் அச்சில் அழுத்திக் கல்லாக்கினார்கள். சூளை இல்லை, விறகு இல்லை. அடித்தளத்திலிருந்து கூரை வரை அதே மண்; கூரை வளைவும் குவிமாடமும் ஆனதால் கம்பியும் கான்கிரீட்டும் வெகுவாகக் குறைந்தன. 2000ஆம் ஆண்டு உலக வாழ்விட விருதின் இறுதிப் பட்டியலில் விகாஸ் இடம்பெற்றது.

ஆனால் அதன் விலைக்கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆரோவில்லில் நிலம் தனியார் சொத்தல்ல. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறக்கட்டளைக்கு உரியது. குடியிருப்பவர் வீட்டைச் சந்தையில் விற்க முடியாது. மனைவிலை கழிந்த இடத்தில்தான் பொதுச் சமையற்கூடத்துக்கு இடம் பிறந்தது. இந்தப் படிப்பினை மண்கல்லைவிடப் பெரிது.

குருவிநத்தம் போன்ற பாகூர் கொம்யூன் ஊர்களுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையின் உபரிநீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டபோது இந்தப் பகுதியின் தாழ்ந்த மனைகளில் வெள்ளம் புகுந்தது. ஆற்றோரத்தில் விகாஸ்போலத் தரைக்குக் கீழே இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணை மனையை மேடாக்கப் பயன்படுத்தி, அதன்மேல் கட்ட வேண்டும். தனிமனை ஒவ்வொன்றையும் மேடாக்குவது ஏழைக் குடும்பத்தால் ஆகாத செலவு. நான்கைந்து குடும்பங்கள் ஒரே மேட்டில், ஒரே படிக்கட்டும் ஒரே குடிநீர்த் தொட்டியுமாகக் கட்டினால் அது கைக்கு எட்டும். தடையாக நிற்பது மானிய விதி. காமராஜர் பெயரிலான கல்வீடு கட்டும் திட்டமாகட்டும், பிரதமர் வீட்டுத் திட்டமாகட்டும், கிராமத்தில் உதவி ஒரு பயனாளிக்கு, ஒரு மனைப்பட்டாவுக்கு என்றே வருகிறது. பங்காளிகளோ அண்டை வீட்டாரோ கூட்டாக விண்ணப்பிக்கவும், பொது மேட்டுக்கும் பொது நடைக்கும் ஆகும் செலவைத் தனி இனமாகக் கோரவும் விதியில் இடம் வேண்டும். பத்திரத்தில் பொதுக்கிணற்றுக்கு ஒரு வரி எழுதத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு அந்த விண்ணப்பத்தை எழுதுவது புதிதாக இருக்காது.